மெம்பரம்மா வீட்டு வாசல்

என் பழைய கோப்பு ஒன்றில் நாலாக மடித்த ட்ரேசிங் தாள் ஒன்று இருக்கிறது. தலைப்பகுதியில் வடக்கைக் காட்ட நான் போட்ட அம்புக்குறி. அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கே இரண்டு கோடு இழுத்து அடித்திருக்கும். தாளின் நடுவே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வீடு. அதில் ஒரு கட்டத்தின் முன்னால் மட்டும் நாலு புள்ளி வைத்து, வளைத்து வளைத்து இழுத்த ஒரு கோலம். நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக இருந்தவன் நான். என் படத்தில் யாரும் கை வைத்ததில்லை, வைக்கவும் விட்டதில்லை. அந்த அம்பை அடித்ததும் கோலம் போட்டதும் மெம்பரம்மா.

மெம்பரம்மா எங்கள் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவர். காலை ஷிப்ட் தொடங்குமுன் வந்து, படங்கள் விரித்துக் கிடக்கும் மேஜைகளைத் துடைத்துவிட்டுப் போவார். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்காக எடுத்த ஒரு சின்ன ஊர் அவருடையது. ஊர் இருந்தபோது அந்த வார்டின் பஞ்சாயத்து மெம்பர். பதவிக்காலம் முடிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் சீஃப் சர்வேயர்கூட, “மெம்பரம்மா, இந்த டேபிளையும் கொஞ்சம்” என்றுதான் சொல்வார். மெம்பரம்மா சிரித்துக்கொண்டே துணியை வாளியில் பிழிவார்.

எனக்கு அவரை அதற்கு முன்பே தெரியும் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. “எங்க வூட்டுச் செவுத்துல செவப்பு பெயிண்ட்டு அடிச்சது நீங்கதான சார்? தண்ணி கூட வாங்கிக் குடிச்சீங்க” என்றார் ஒருநாள். அந்த ஊருக்கு எல்லைக்குறி போடப் போன அணியில் நான் இருந்தது உண்மை. தண்ணீர் குடித்தது நினைவில் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு மெம்பர் என்ற ஒருவர் எதற்கு என்றே புரியாது. குழாய் ஒழுகினால் புகார்ப் புத்தகத்தில் எழுதினால் போதும், ஆள் வருவான். தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு போன். ஓட்டுப் போடும் நாள் எங்களுக்கு லீவு நாள், அவ்வளவுதான். மெம்பரம்மாவின் ஆட்கள் குடிபோன மாற்றுக் காலனியில் நிலைமை வேறு. அங்கே குழாய் இருந்தது, தண்ணீர் வராது. கம்பம் இருந்தது, பல்பு இருக்காது. போய்க் கேட்க அவர்களுக்கென்று ஒரு ஆள் வேண்டும்.

2017 முடியும் சமயத்தில் உள்ளாட்சி வார்டுகளைப் புதிதாகப் பிரித்து வரைவுப் பட்டியல் வந்தது. ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தரலாம் என்றார்கள். மெம்பரம்மா அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் மேஜைமேல் விரித்தார். ஓடைக்கு வடக்கே உள்ள தெருக்கள் மூன்றாவது வார்டு, தெற்கே உள்ளவை ஐந்தாவது வார்டு என்று அதில் இருந்தது. பழைய கணக்கெடுப்புக் காகிதத்தைப் பார்த்து யாரோ எழுதியிருக்க வேண்டும். அந்த ஓடையை எங்கள் மண்வெட்டும் இயந்திரம் வாரிப் போட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஓடைக்கு வடக்கே இருந்தவர்களும் தெற்கே இருந்தவர்களும் காலனியில் குலுக்கல் முறையில் மனை வாங்கி, கலந்து குடியிருந்தார்கள். ஆகவே ஒரு வீடு மூன்றாவது வார்டு, ஒட்டிய வீடு ஐந்தாவது வார்டு. இரண்டு வார்டிலும் பக்கத்துப் பெரிய ஊர்க்காரர்களே அதிகம். எதில் நின்றாலும் காலனி ஆள் ஜெயிக்க வழியே கிடையாது.

“காலனி மொத்தமும் ஒரே வார்டா வேணும் சார். நீங்க ஒரு படம் போட்டுக் குடுங்க. நானே நிக்கணும், அதையும் சொல்லிடறன், அப்புறம் ஒளிச்சேன்னு ஆவக்கூடாது” என்றார். அந்த ஒளிவுமறைவற்ற ஆசை எனக்குப் பிடித்துப்போயிற்று. சேவை செய்யத் துடிப்பதாகச் சொல்லியிருந்தால், லீவு இல்லை என்று தட்டிக் கழித்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். காலனி சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் எங்கள் சுரங்கப் படத்திலேயே அதன் ஓரம் விழுந்திருந்தது. அதன்மேல் ட்ரேசிங் தாளை வைத்து இழுத்தேன். வீடுகள், தெருக்கள், காலனியையும் பெரிய ஊரையும் பிரிக்கும் தார்ச்சாலை எல்லாம் அச்சாக வந்தன. மனுவையும் நானே எழுதினேன். ‘தார்ச்சாலைக்கு வடக்கே உள்ள வீடுகள் அனைத்தும் ஒரே வார்டாக’ என்று தொடங்கி நான்கெல்லையும் வரிசையாகக் குறித்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எழுத்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திங்கள் காலை மெம்பரம்மா தாளைக் குனிந்து பார்த்தார். படம் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தார். அவர் வீடு எது என்று கேட்டார், காட்டினேன். வாசல் எந்தப் பக்கம் என்றார். இதோ, மேல்பக்கம், வடக்கு என்றேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எங்க வாசல் கெழக்கு சார்.”

“இல்லம்மா, படத்துல வடக்குதான் வருது.”

“காலையில கோலம் போட்டுகினு இருக்கச்ச வெய்யிலு நேரா மூஞ்சில அடிக்குது சார். வடக்கால பொழுது வர்ற ஊரு எது, சொல்லுங்க, பாத்துட்டு வர்றன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சுரங்கப் படங்களுக்கென்று தனியாக ஒரு வடக்கு உண்டு. மண்ணை வெட்டிக்கொண்டே போகும் வெட்டுமுகம் நகரும் திசையைத் தாளின் மேல்பக்கமாக வைத்து, அதையே வடக்கு என்று சொல்லி வேலை செய்வோம். எங்களுக்குள் அதில் குழப்பம் வராது. அந்த வடக்கைத்தான், நிஜத்தில் அது கிழக்கு என்ற யோசனையே இல்லாமல், அரசாங்கத்துக்குப் போகும் மனுவில் ஏற்றியிருந்தேன். தார்ச்சாலைக்குக் கிழக்கே இருக்கும் காலனியை வடக்கே என்று எழுதியிருந்தேன். நான்கெல்லையும் தப்பு. ரெவின்யூ வரைபடத்தோடு ஒத்துப்பார்க்கும் எவரும் அந்த மனுவை ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். ஒருமுறை ஊரையே எடுத்துக்கொண்ட படங்களை வரைந்த கை, இரண்டாம் முறை வார்டையும் காலி செய்யப் பார்த்தது.

நான் ரப்பரைத் தேடுவதற்குள் மெம்பரம்மா என் பேனாவை எடுத்து அம்பை அடித்துவிட்டார். கிழக்கைக் காட்ட வாசலுக்கு எதிரே வட்டம் போட்டு, சுற்றிலும் கதிர் இழுக்கப் போனார். “ஐயோ, தேர்தல் காகிதத்துல சூரியன் போட்டா வேற வம்பு வரும்மா” என்று பதறினேன். ஒரு கணம் விழித்தவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. வட்டத்தைப் பாதியில் விட்டு, நாலு புள்ளி வைத்து அதையே கோலமாக்கினார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக இன்னொரு படம் வரைந்து, மனுவும் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணை நாளில் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பெரிய ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, காலனிக்குத் தனி வார்டு எதற்கு, எங்களோடு அண்ணன் தம்பியாக இருக்கட்டும் என்றார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அதிகாரி ஓடை எங்கே என்று கேட்டார். மெம்பரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “அந்த ஓடை இப்ப இல்லீங்க. மிஷினு வாரிடுச்சு. இல்லாத ஓடைய வச்சிகினு இருக்கற எங்களப் பிரிச்சா எப்பிடிங்க?” அதிகாரி என் படத்தையும் ரெவின்யூ வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் நான்கு பக்கமும் தொட்டுப் பார்த்தார். பொருந்தியது.

இறுதிப் பட்டியலில் காலனி முழுவதும் ஒரே வார்டாக வந்தது. தேர்தல் வர மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று மெம்பரம்மா காடாம்புலியூர்ப் பலாப்பழம் ஒன்றைத் தலையில் சுமந்து வந்து லாரியில் ஏற்றினார். கோவில்பட்டி வரை வண்டி முழுக்க அதன் வாசனை.

கோவில்பட்டிக்கு வெளியே, பஞ்சாயத்து எல்லைக்குள் புதிதாக முளைத்த நகர் ஒன்றில் வீடு கட்டியிருந்தோம். புது வருடம் பிறந்த அந்த வாரத்தில் போன் வந்தது.

“ஜெயிச்சிட்டேன் சார்! மொத வேல கொழாதான்.”

நான் கத்திய கத்தலில் மனைவி ஓடி வந்தாள்.

“உங்க ஊர்லயும் தேர்தல் நடந்துச்சே, நீங்க யாருக்குப் போட்டீங்க? உங்க மெம்பரு யாரு சார்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஓட்டையே மாற்றவில்லை, பெயர் இன்னும் நெய்வேலிப் பட்டியலில்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

“எங்களுக்குக் கோடு போட்டுக் குடுத்துட்டு, நீங்க எந்தக் கோட்டுக்குள்ளயும் இல்லாம நின்னுகினு இருக்கீங்களே சார்” என்றார்.

திட்டியதாகத் தெரியவில்லை. நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார். மறுநாளே போய்ப் பெயர் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது எங்கள் மெம்பர் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெருமுனைக் குழாய் விஷயமாக நான் வாரம் தவறாமல் பிடித்துக்கொள்வதால், என்னைக் கண்டால் அவர் பைக்கைச் சந்துக்குள் திருப்பிவிடுகிறார். கோப்புகளை ஒழுங்கு செய்யும்போதெல்லாம் அந்த ட்ரேசிங் தாள் கையில் வரும். அடிபட்ட அம்புக்குறிக்குப் பக்கத்தில் சரியான அம்பு ஒன்றைப் போட எனக்கு இரண்டு நிமிடம் போதும். போடவில்லை. கோலம் இருக்கிற பக்கம் கிழக்கு.