கவ்வாத்து வெட்டிய தேசி மரம்

மாத்தளைப் பக்கத்திலேயே என் வாசலில் நிற்பது போல ஒரு தேசி மரம் கிடையாது. எலுமிச்சை கூடை கூடையாகக் காய்க்கிறது.

பொய். நட்டு ஐந்து வருசமாகிறது, ஒரு பிஞ்சுகூட வந்ததில்லை. ஆனால் இப்படி ஒரு மரம் வேறு எங்கும் கிடையாது என்பது மட்டும் சத்தியம். சொல்கிறேன். நடுவில் எழுந்து போய் வாசலைப் பார்ப்பேன், கோபிக்க வேண்டாம். மேசன் இன்றைக்கு வருகிறேன் என்றார், எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. காலையிலிருந்து நாலு தடவை எழுந்துவிட்டேன். மூன்று தடவை கோழி, ஒரு தடவை காற்று.

அவர் வருவது தண்ணீர் டாங்கிக்குத் திட்டு கட்ட. என் மனைவி பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, அப்புறம் பள்ளத்தில் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கி, ரெண்டு வாளித் தண்ணீரோடு மேலே ஏறுகிறவள். அவள் வாங்கிய டாங்கி ரெண்டு வாரமாக இஸ்தோப்புத் திண்ணையில் கிடக்கிறது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறோம். லயத்து வரிசைவீட்டு வாசலில் சமமான இடம் ஒன்றே ஒன்று. அதில் என் தேசி நிற்கிறது.

பலாபத்வலயில் ரோட்டோரம் வாங்கிய ஒட்டுக்கன்று அது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவரை முள் குத்தியது.

"தம்பி, காய்க்கிறப்ப எனக்கும் ரெண்டு குடுக்கணும். ரத்தம் குடுத்திருக்கேன்" என்றார்.

விற்றவர், ஒன்றும் செய்யாமல் விட்டாலே மூன்று வருசத்தில் காய்த்துவிடும் என்றிருந்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வராது.

தோட்டத்தில் எனக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுவது, கொழுந்து வர உரம் போடுவது, இந்த ரெண்டும்தான் எனக்குத் தெரிந்த விவசாயம். தேயிலையில் எங்களுக்கு இலைதான் வேண்டும், பூவை யார் கேட்டார்கள். தேசிக்கும் அதையே செய்தேன். தேயிலைக்கு மூன்று நாலு வருசத்துக்கு ஒரு தடவைதான் கவ்வாத்து. தேசிமேல் ஆசை அதிகம் என்பதால் வருசா வருசம். மரம் மேசை மாதிரித் தட்டையாக, பச்சைப்பசேலென்று படர்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

"மலை முழுக்கத் தேயில இருக்கு. வாசல்லயும் ஒண்ணு எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அது தேசி."

"அதுக்கே அது தெரியாது. பூக்குற கெளைய எல்லாம் நீங்களே வெட்டித் தள்ளுனா அது எங்க பூக்கும்? நாளைக்கு நான் கூடையோட போய் அதுலயும் கொழுந்து எடுக்கப்போறேன்."

அது போன வருசம். அதற்கப்புறம் நான் கத்தி வைக்கவில்லை. மழை முடியும்வரை பொறுக்கிறேன், அதற்குள் பூக்காவிட்டால் மரத்தை எடுத்துவிட வேண்டும் என்றாள். மழை முடிந்தது. வெறும் இலை.

போன ஞாயிறு கடைசி வைத்தியம் பார்த்தேன். காய்க்காத மரத்தைக் கத்தி காட்டி மிரட்டினால் காய்க்கும் என்பார்கள். ஒருவர் வெட்டுகிற மாதிரி ஓங்க வேண்டும். இன்னொருவர் மறித்து மரத்துக்காகப் பரிந்து பேச வேண்டும். பீலியிலிருந்து ஏறி வந்தவளை நிறுத்தி, எல்லாம் விளக்கிவிட்டுக் கத்தியை ஓங்கினேன். வாளியைக் கீழே வைக்காமலே பார்த்தாள்.

"இப்ப நீ சொல்லு புள்ள."

"வெட்டுங்க."

"அப்படி இல்ல. விட்டுருங்க, அடுத்த வருசம் காய்க்கும்னு சொல்லணும்."

"நான் தண்ணி தூக்குறப்ப எந்த மரம் எனக்காகப் பேசுச்சு?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. வெட்டவும் வரவில்லை, இறக்கவும் வரவில்லை. வாளிக்கம்பி அவள் விரல்களில் பதிந்திருந்தது. கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு பேருக்கும் தோதாக ஒரு வழி இருக்கிறது, டாங்கியைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்து...

"ஏங்க, மேசன் வந்துட்டாரு. மரத்த அவரே வெட்டிரவான்னு கேக்குறாரு. வந்து ஒரு பதில் சொல்லுங்க."

அவர் வெட்டினால் கண்ட இடத்தில் கொத்திவைப்பார். கத்தியை எடுத்துக்கொண்டு நான்தான் போக வேண்டும்.