ஒட்டிப்போன இரண்டு எழுத்து

பேத்தியின் மூக்கில் முதல் புள்ளிகள் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மச்சக்காரி, ராசிக்காரி என்று தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். எனக்குச் சும்மாவே வாய் அடங்காது. சிரிப்பும் அப்படித்தான், சாவு வீட்டில்கூட வந்துவிடும். ஆனால் அவளுக்கு மூன்று வயது ஆவதற்குள் முகமெல்லாம் கறுப்புப் புள்ளி, உதட்டில் வெடிப்பு. பகலில் கண்ணைத் திறக்க முடியாமல் அழுவாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா முற்றத்தில் மற்றப் பிள்ளைகள் விளையாட, இவள் மட்டும் உள்ளே மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

பன்விலயிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனோம். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போனேன். அந்த நாளையில் கண்டக்டர்மார் பொலித்தீன் பை கொடுப்பார்களா என்ன, முறைப்பார்கள். மருமகள் பிள்ளையை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தாள். அடுத்தது வயிற்றில் ஏழு மாதம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பெண். பிள்ளையைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"சொந்தத்துக்கையோ கலியாணம் செய்தவை?"

"ஆமாங்க!" மருமகளுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "எந்தம்பி மகதாங்க. எம்மகனுக்கு இவதான்னு தொட்டில்லயே பேசி வச்சிட்டோம். வெளிய போகவே இல்லிங்க!"

டாக்டரம்மா பேனையைக் கீழே வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலங்கள். ஒவ்வொண்டுக்கையும் டிஎன்ஏ எண்டு நீட்டா ஒரு எழுத்துச்சரம் கிடக்கு. கலம் ரெண்டாப் பிரியேக்க அதைப் பார்த்துப் பிரதி எடுக்கும். வெயில் பட்டா, பக்கத்துப் பக்கத்தில இருக்கிற ரெண்டு எழுத்து ஒட்டிப்போகும். உங்களுக்கும் எனக்கும்கூட ஒட்டுது. ஆனா அதை வெட்டி எடுத்துச் சரிக்கட்ட எங்களிட்டை ஆள் இருக்கு. பிள்ளையிட்டை அந்த ஆள் இல்லை. பிழையோடையே பிரதி போகுது. அது பிறகு புற்றுநோயாகவும் வரும்."

"எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் எழுத்தே தெரியாதேம்மா," என்றேன்.

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் சிரிக்கவில்லை.

"அப்ப வயித்துல இருக்கறதுக்கு?" என்று கேட்டாள்.

"தகப்பனிட்டையும் அந்தக் குறை பாதி, உங்களிட்டையும் பாதி. ரெண்டும் சேர்ந்தா வரும். சேராமலும் விடலாம். பிறந்த பிறகு ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்போணும். மறுமொழி வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் வெயில் காட்டவே கூடாது."

பையன் பிறந்தான். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். யன்னலுக்குச் சாக்கு, வாசலுக்குக் கம்பளி. பட்டப்பகலில் லாம்பு கொளுத்தித்தான் சமைத்தோம். பக்கத்துக் காம்பராக்காரி வந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்னக்கா, பச்சப்புள்ளைய இருட்டுல போட்டு காளான் வளக்குறீங்களா? எண்ணெயத் தேச்சு இளவெயில்ல கெடத்துங்க, மஞ்ச எறங்கிரும்."

காளான் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே வந்து அடுப்படியில் குந்தி அழுதேன்.

மறுமொழி வரவில்லை. மகன் தபால் கந்தோருக்குப் போய்க் கேட்பதையும் விட்டுவிட்டான். ஒரு நாள் காலையில் மருமகள் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலருகே உட்கார்ந்தாள். கம்பளிக்கு அடியில் ஒரு சாண் வெயில் விழுந்து கிடந்தது.

"அத்தை, ஒரே ஒரு கால மட்டும் காட்டிப் பாக்கவா? செவந்தா தெரிஞ்சிரும்ல."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க தாயி?"

"அவுங்களுக்கு என்ன? எனக்கு நெஞ்சு வெடிக்குது. இது அதுவா, இல்லையான்னு தெரியாம இன்னும் எத்தன நாளைக்கு இவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பேன்?"

எனக்கும் தெரிந்தாக வேண்டும் போல்தான் இருந்தது. அவள் பையனின் காலில் போட்டிருந்த மேஸைக் கழற்றினாள். காலை மெதுவாக வெயிலுக்குள் நீட்டினாள். விரல்களை விரித்து மடக்கினான் பையன், அவனுக்கு அந்தச் சூடு பிடித்திருந்தது.

"அம்மா!" உள்ளேயிருந்து பேத்தி அலறினாள். "தம்பி கால இழும்மா! சுடும்! சுடும்!"

மருமகள் வெடுக்கென்று காலை இழுத்து மாராப்புக்குள் பொத்திக்கொண்டாள். சிவந்திருந்ததா என்று பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. சேலைக்குள்ளேயே தடவித் தடவி மேஸை மாட்டிவிட்டாள்.