கடலைப் பார்த்து நின்ற படகு

குழாய்க்குள் தண்ணீர் ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழி வேண்டும். அந்த வழி உயரமான இடத்தில் இருக்க வேண்டும். இதைத் தெரியாதவன் என்ஜினைத் தொடக்கூடாது. எனக்கு இருபது வருடத்துக்கு மேலாகத் தெரியும். அப்படியிருந்தும் பிழை விட்டேன். விட்ட பிழையை இன்னொருவர் தலையில் கட்டியும் விட்டேன்.

திருகோணமலையில் சுற்றுலாக்காரரைக் கடலுக்குக் கூட்டிப்போகும் முதலாளி ஒருவர் பழைய ஜெட் படகொன்று வாங்கினார். அடியில் கடல் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி அடித்து, அந்த உந்தலில் ஓடுகிற படகு. முழங்கால் தண்ணீரிலும் போகும். என்ஜினின் நெருப்பை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுதிகள் உப்பு தின்று ஓட்டையாகிக் கிடந்தன. ஹெடர் என்போம் அவற்றை. என்ஜினுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரட்டைச் சுவர் வைத்துச் செய்து, இரண்டு சுவருக்கும் நடுவில் கடல் தண்ணீரை ஓடவிட வேண்டும். ஓடாவிட்டால் பைபர் படகு பற்றி எரியும்.

ஹெடர்களைப் புதிதாகச் செய்து ஒட்டியவர் மூதூரிலிருந்து வந்த வெல்டிங் நானா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவற்றுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது நான். நானாவுக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவர் ஒட்டினால் ஒட்டினதுதான் என்று மூதூரிலிருந்து குச்சவெளி வரை ஆட்கள் கதைப்பார்கள். அந்தக் கதையை நம்பித்தான் அவர் வீட்டில் உலை வைத்தார்கள்.

படகை உள்துறைமுகக் கரையில் ஏற்றினோம். தென்னங்குற்றிகளை அடியில் போட்டு, இருபது பேர் இழுத்து, மூச்சு வாங்கி நிற்கும்போது முதலாளி சொன்னார்: “இப்பத் திருப்புங்கோ.”

“என்னத்துக்கு?” என்றேன்.

“கடலுக்குக் குண்டி காட்டக் கூடாது அண்ணை. எங்கட கரையில எந்தப் படகும் அப்பிடி நிண்டதில்லை.”

தூஷணத்தால் பேசிக்கொண்டே நானும் தோள் கொடுத்தேன். கரை சரிவு. படகின் முகம் தண்ணீரைப் பார்த்துக் கீழே சரிந்தது. பின்பக்கம் மேலே தூக்கி நின்றது.

அந்தப் பத்து நாள் வேலையை நினைத்தால் இப்போதும் கண் சொருகுகிறது. கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து சுடச்சுட வீசும். வெயிலுக்குப் படகுக்கு மேலே கட்டிய நீலப் பிளாஸ்டிக் படங்கு ஊதுவதும் ஒட்டுவதுமாக இருக்கும். அதற்குக் கீழே எல்லாம் நீலம். நானாவின் கை நீலம், என் சாப்பாட்டுப் பொதி நீலம், வெல்டிங் வெளிச்சமும் நீலம். மத்தியானம் சாப்பிட்டதும் இருவரும் என்ஜினுக்கு இரண்டு பக்கமும் கால் நீட்டிப் படுப்போம். துறைமுகத் தண்ணீர் அசையாது. தூரத்தில் நிற்கிற கப்பல் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் எழும்பி நிற்பது மாதிரித் தெரியும். ஒருநாள் கண் விழித்தபோது புள்ளிமான் ஒன்று படங்குக்குள் தலையை விட்டு, என் சாப்பாட்டுக் கடதாசியை மென்றுகொண்டு நின்றது. தெருவில் மாடு மாதிரி மான் திரிகிற ஊர் இது. துரத்தக்கூட எனக்கு மனம் வரவில்லை. கனவுக்குள்ளேதான் நிற்கிறது என்று நினைத்து மறுபடி கண்ணை மூடினேன்.

“தம்பி, மான் ஹோசையும் திண்டிரும்,” என்றார் நானா, கண் திறக்காமலே.

அப்படி அரைத் தூக்கத்தில்தான் தண்ணீர் போகிற வழியை முடிவு செய்தேன். ஹெடரின் முன்புறத்தில், கீழே, தண்ணீர் நுழையும். பின்புறத்தில், மேலே, வெளியேறும். அந்த மேல்மூலைதான் என் கண்ணுக்கு உயரமாக நின்றது. குழாய் மாட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். காற்று புளுக்புளுக்கென்று முழுவதும் வெளியே வந்தது. பிறகு இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தண்ணீர் விழுந்தது.

“சின்னப் பொடியன் ஒண்டுக்குப் போற மாதிரி வருது,” என்று நானா சிரித்தார். நானும் சிரித்தேன்.

படகைத் தண்ணீரில் இறக்கி, முதலாளி, நானா, நான் மூவரும் ஏறினோம். துறைமுகத்துக்குள் வேகமாக ஓட விடமாட்டார்கள். மெதுவாகத்தான் போனோம். துறைமுக வாய் தாண்டி, கொட்டியாரக் குடா திறக்கிற இடத்தில் பெயின்ட் எரிகிற மணம் வந்தது. புதுப் பெயின்ட் காய்கிறது என்று நினைத்து வேகம் கொடுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். ஹெடரின் முன்புறத்து ஒட்டு வெடித்து, உப்புத் தண்ணீர் சூடாக முகத்தில் அடித்தது.

கரைக்கு வந்தோம். கிழிந்த வலை பொத்துகிறவர்கள், மீன் வாங்க வந்தவர்கள், ஓட்டோக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கத்தினேன்.

“இதுவும் ஒரு ஒட்டோ நானா? காகம் பீச்சின மாதிரிக் கிடக்கு! தண்ணி தாங்க ஏலாத கைக்கு எங்கட படகு என்னத்துக்கு?”

“தம்பி, தண்ணி போகேல்லையோ எண்டு ஒருக்காப் பாருங்க. சூட்டில வெடிச்ச வெடிப்பு இது.”

“என்ர தண்ணியை நீங்கள்தானே கண்ணால பாத்தனீங்கள்! எனக்குப் படிப்பிக்க வராதீங்கோ!”

முதலாளி என்னை நம்பினார். “நானா, சாமானைக் கட்டுங்கோ,” என்றார். நானா வெல்டிங் வயரை முழங்கையிலும் உள்ளங்கையிலுமாகச் சுற்றினார். நீண்ட வயர். சுற்றி முடியும்வரை கரையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வாரத்துக்குள் குச்சவெளியில் அவருக்குப் பேசியிருந்த வேலையொன்றை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்டும் பேசாமல் இருந்தேன்.

டவுனிலிருந்து வேறு ஒருவரைக் கூட்டிவந்து ஒட்டினோம். மறுபடி கடலுக்குப் போனோம். மறுபடி அதே இடத்தில் வெடித்தது.

முதலாளி கோபத்தில், அந்த வழியால் வந்த மீன்படகொன்றை மறித்து ஏறிக் கரைக்குப் போய்விட்டார். இழுத்துப்போக ஆள் வரும்வரை நான் குடாவில் நங்கூரம் போட்டுக் கிடந்தேன். உச்சி வெயில். சட்டையைக் கழற்றி முகத்தில் போட்டுக்கொண்டு படகின் மேல்தட்டில் படுத்தேன். படகு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. சட்டைத் துணிக்குள்ளால் வெளிச்சம் மஞ்சளாக வந்தது. தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று தெரியாது. அக்கரையில் மூதூர் புகை மாதிரித் தெரிந்தது.

தலைமாட்டில் என் தண்ணீர்ப் போத்தல் படுத்துக் கிடந்தது, முக்கால்வாசித் தண்ணீரோடு. அதற்குள் காற்று ஒரு நீளக் குமிழியாக நின்றது. அலை தூக்கினால் கொஞ்சம் பின்னால் வரும். அலை விட்டதும் படகின் முன்பக்கம் ஓடிப்போய் அங்கேயே நிற்கும். எத்தனை தடவை பார்த்தேனோ. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு எழும்பி உட்கார்ந்தேன்.

பாரமான என்ஜின் பின்னால் இருக்கிறது. தண்ணீரில் படகின் பின்பக்கம் தாழும், முன்பக்கம் எழும்பும். ஹெடரின் உயரமான மூலை முன்புறம். கரையில் கடலைப் பார்த்துக் குனிந்து நின்ற படகைப் பார்த்து நான் பின்புறத்தில் வழி வைத்திருந்தேன். கடலில் காற்றெல்லாம் முன்மூலையில் போய் அடைத்துக்கொண்டது. அங்கே தண்ணீர் படவே இல்லை. மெதுவாக ஓடும்போது காய்ந்து சிவக்கும். வேகம் கொடுத்ததும் குளிர் தண்ணீர் பாய்ந்து வெடிக்கும். எந்தக் கொம்பன் ஒட்டினாலும் வெடிக்கும். நானா அன்றைக்கே சொன்னார். நான் வாயை அடைத்தேன்.

அடுத்த நாள் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் மூதூருக்குப் போனேன். ஹெடரின் முன்மூலையில் புதிய வாய் ஒட்ட வேண்டும். அதற்கு ஆள் டவுனிலும் இருந்தார். ஆனால் நான் போனது வாய் ஒட்டுகிறதற்கு மட்டும் இல்லை.

நானா கதிரை எடுத்துப் போட்டார். “இருங்க.”

இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: “கரையில கத்தின ஆள் இவர்தானா? சத்தம் காணாமக் கிடக்கே!”

நானா சிரிக்கவில்லை. “தம்பி, நீங்க கத்தினது கரையில. பிழை எண்டு சொல்றது என்ர வீட்டுக்குள்ளயா?”

“என்ன செய்யச் சொல்றீங்கள்?”

“என்ர பேரை எங்க வைச்சு எடுத்தீங்களோ, அங்க கொண்டுபோய் வைங்க. பொறகு ஒட்டித் தாறன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டினேன். பாலத்தில் பஸ் ஏறும்போது கீழே தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரிக் கிடந்தது. திட்டு அங்கேயே தீர்ந்துபோனது. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் மீன் விற்கிற நேரம் பார்த்து, நானாவை வரச்சொல்லிக் கரையில் நின்றேன்.

“எல்லாரும் இஞ்ச ஒருக்காக் கேளுங்கோ! அண்டைக்குக் குழாய் வெடிச்சது நானாவின்ர ஒட்டால இல்லை. தண்ணி போற வழியை நான்தான் பிழையா வைச்சனான்.”

வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் தலை நிமிர்த்தாமல் சொன்னார்: “அண்டைக்கு இதைவிடச் சத்தமாக் கேட்டது.”

எல்லாரும் சிரித்தார்கள். தொண்டை நரம்பு புடைக்க மறுபடி கத்திச் சொன்னேன். ஓட்டோக்காரர்கள் விசிலடித்தார்கள்.

முதலாளிக்கு முகம் கறுத்தது. “அப்ப, படகைத் திருப்பி வைச்ச நானோ பிழை?”

“படகு எங்கயும் பாக்கட்டும். அது தண்ணியில எப்பிடி நிக்கும் எண்டு நான்தான் யோசிக்கேல்லை.”

நானா அன்றைக்கே வெடித்த இடத்தை மறுபடி ஒட்டி, இரண்டு ஹெடரின் முன்மூலையிலும் வாய் ஒட்டினார். நான் பின்வாயை அடைத்து, ஹோசை முன்னுக்கு மாற்றினேன். மத்தியானம் கடலுக்குப் போனோம். முதலாளி ஓட்டினார். நானா என்ஜின் மூடியைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“கையை வைங்க தம்பி. என்ர ஒட்டில.”

வைத்தேன். என்ஜின் உறுமியது. உள்ளங்கைக்குக் கீழே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. குளித்துவிட்டு வந்த ஆளின் முதுகு மாதிரி இருந்தது அந்தக் குழாய்.

“நான் சொல்லும்வரை எடுக்க வேண்டாம்,” என்றார்.

துறைமுக வாய் தாண்டியது. குடா திறந்தது, முன்பு வெடித்த அதே இடம். முதலாளி வேகம் கொடுத்தார். என் கைக்குக் கீழே குழாய் குளிர்ந்தபடியே இருந்தது. நானா மூதூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.