கண்ணாடி ரூமுக்கு எதிரே ஒரு காபி மெஷின்

"மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுங்க. மனுசன் குடிக்கிற காபியாங்க இது?"

புதுக்கோட்டையில் ஒரு வீட்டுக் கடன் கம்பெனி மேனேஜர் போனில் கத்தியபோது, நான் கீரமங்கலத்தில் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ்களில் பட்டனைத் தட்டினால் காபி ஊற்றுமே, அந்த மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் வேலை. அவசர அவசரமாக மாட்டிவிட்டு பைக்கை எடுத்தேன். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது.

வழியிலேயே திருச்சியிலிருந்து எங்கள் ஏரியா மேனேஜர் கூப்பிட்டார். "அந்தோணி, ஒங்க பக்கம் அந்த லோன் கம்பெனிதான் பெரிய அக்கவுண்ட். அது போச்சுன்னா புதுக்கோட்டைக்குத் தனியா ஆள் வைக்க முடியாது. ஓசூர் போக வேண்டியிருக்கும், பாத்துக்கங்க."

ஓசூராம்! ஆவூர் ஸ்கூலில் என் மனைவி டீச்சர். மகள் பிளஸ் டூ. ஐம்பதைத் தாண்டியபிறகு எங்கோ ஒரு ரூமில் தனியாகச் சமைத்துத் தின்ன வேண்டுமா?

ருசி பார்த்த படலம்

அந்த லோன் ஆபீசுக்கு எதிரே புதிதாக ஒரு காபி ஷாப் திறந்திருந்தார்கள். ஊர் ஊருக்குக் கிளை வைத்திருக்கும் கம்பெனி. ஏசி, சோபா, கப்பில் நம் பெயரை எழுதித் தருவார்கள். பதினோரு மணியானால் பாதி ஆபீஸ் அங்கேதான்.

"எல்லாம் அங்கிட்டுதான் ஓடுறாங்க. ஒங்க காபி ஒழுங்கா இருந்தா ஏன் ஓடப்போறாங்க?" என்றார் லோன் கம்பெனி மேனேஜர்.

லோன் செக்‌ஷன் கவிதாவிடம் கேட்டேன். "தண்ணியா இருக்குண்ணே" என்றாள். பொடியின் டோஸை ஏற்றினேன். அடுத்த தடவை போனால், "கசக்குதுண்ணே." சர்க்கரையைக் கூட்டினேன். "பாயாசமாட்டம் இருக்கு" என்றார்கள். காபி ஊற்றுகிற நாசிலைக் கழற்றிக் கழுவினேன், பொடியையே மாற்றினேன், பால் பவுடரைத் தூக்கிவிட்டுப் பசும்பால் ஓடுகிற மெஷினையே கொண்டுவந்து வைத்தேன். அப்போதும் குறைதான். அரிமளத்துக்கு வேறு சர்வீசுக்குப் போனாலும் மனசெல்லாம் இந்த மெஷினிலேயே நின்றது.

பொறுக்காமல் எதிர்க்கடையில் போய் ஒன்று வாங்கிக் குடித்தேன். முக்கால் கப் நுரை, சூடே இல்லை. இதற்கா ஓடுகிறார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கவிதா சொன்னது

ஒருநாள் மெஷினுக்குப் பின்னால் குனிந்து பொடி கலக்கிற மிக்ஸிங் பவுலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மெஷின் இருந்தது மேனேஜரின் கண்ணாடி ரூமுக்கு நேர் எதிரே. கவிதா வந்து காபி பிடித்தாள். மேனேஜர் உள்ளிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தபடி, "என்னம்மா, ரெண்டாவதா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். பெரிய அதிகாரி பார்த்தால் கப்பைக் கீழே இறக்கி நிமிர்ந்து நிற்பது நம்மூர் ஆபீஸ் பழக்கம். அவளும் அப்படி நின்றாள். அவர் தலை குனிந்ததும் கொதிக்கிற காபியை ரெண்டே மடக்கில் விழுங்கிவிட்டு சீட்டுக்கு ஓடினாள்.

வாசலில் அவளைப் பிடித்தேன். "ஏம்மா, நெசத்தைச் சொல்லு. அந்தக் கடைக் காபி அவ்வளவு புடிச்சிருக்கா?"

"அய்ய, அது காபியாண்ணே? ஆறிப்போன பாலு."

"அப்பறம் ஏம்மா போறீங்க?"

"அங்க ஒக்காந்து குடிக்கலாம்ணே. இங்க நின்னா சார் பாக்குறாரு, தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சார் பாக்குறாருன்னு சாருகிட்டயே எப்புடிச் சொல்றது? காபி சரியில்லன்னா ஒங்களத்தான திட்டுவாரு."

அடப்பாவிகளா! இதற்காகவா நான் ஓசூருக்கு மூட்டை கட்டப் பார்த்தேன்? அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாளே மேனேஜரிடம் போனேன். "சார், இந்த கரண்ட் பாயின்ட்ல எர்த் சரியில்ல. பின்னாடி சன்னல்கிட்ட மாத்திரவாங்க?" பச்சைப் பொய். "எங்கிட்டாவது வைங்க" என்றார். மாற்றினேன். கண்ணாடி ரூமிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது; பக்கத்தில் ரெண்டு பெஞ்சும் கிடந்தன. பொடி அதேதான், பால் அதேதான். ஆனால் எதிர்க்கடைக்குப் போவது நின்றுவிட்டது. ஓசூர்ப் பேச்சும் அதோடு போயிற்று. "என்ன பொடிங்க போட்டீங்க?" என்று திருச்சிக்காரர் கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

சாருடைய காபி

அடுத்த சர்வீசுக்குப் போனபோது பின்பக்கம் ஒரே கும்மாளம். அந்த நேரம் பார்த்து மேனேஜர் காபி பிடிக்க வந்தார். பேச்சு அப்படியே நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். "இருங்க, இருங்க, குடிங்க" என்றார் அவர். "வேலை இருக்கு சார்" என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். அவரும் நானும் மட்டும் மிச்சம். "காபி நல்லாத்தான் இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பாதிக் கப்போடு ரூமுக்குப் போனார். எனக்கு என்னவோ போல் இருந்தது.

சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பார்த்தால், எதிர்க்கடை மூலை மேசையில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் கூச்சமாகச் சிரித்தார்.

"ஒக்காருங்க அந்தோணி. இந்தக் காபி எனக்கும் புடிக்காதுங்க. இங்கதான் என்னயப் பாத்து யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காபி சரியில்லை என்று கம்ப்ளெயின்ட் வந்தால் உடனே பொடி டப்பாவைத் திறக்காதீர்கள். எங்கே நின்று குடிக்கிறார்கள், யார் பார்க்கக் குடிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். முக்கால்வாசி கம்ப்ளெயின்ட் அதிலேயே தீர்ந்துவிடும்.

அந்த மேனேஜரின் காபியை மட்டும் என்னால் இன்றுவரை சரிசெய்ய முடியவில்லை.