‘ச’ வால்வுக்கு ஒரு கேஸ்கட்

வெள்ளிக்கிழமை காலை, ஷார்ஜா முவைலாவில், நாகஜோதி வீட்டின் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அப்பாவும் மகளும் ஒரு கேஸ்கட் வெட்டினார்கள். நாகஜோதி ரப்பர் ஷீட்டை வெர்னியரில் அளந்து, மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்றாள். கார்மேகம் நகத்தால் கீறிப் பார்த்தார்.

“மூணுன்னு வச்சுக்க. மிச்சத்தை இறுக்கும்போது பாத்துக்கிருவோம் தாயி.”

“கம்ப்ரஷன் கணக்கு அப்படி இல்லப்பா.”

“உன் கையில கணக்கு இருக்கு. என் கையில ஸ்பானர் இருக்கு.”

ஆறு போல்ட் ஓட்டைகளில் நான்கு போட்டதும் அப்பா தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சம் இரண்டை அடுத்த வெள்ளி போடலாம் என்று, கேஸ்கட்டைப் பேரீச்சம்பழ டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை, கேம்ப் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்றவர் தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தெட்டு. அது 2008.

கார்மேகம் பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் பம்ப் ஃபிட்டராக இருபத்திரண்டு வருடம். 2004-இல் வளைகுடா அரசு ஒன்று, ஏமனில் முகல்லா பக்கம் ஒரு கடலோர ஆஸ்பத்திரிக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை நன்கொடையாகக் கொடுத்தது. ஒரு கன்டெய்னருக்குள் அடங்கும் இயந்திரம். அதைக் கட்டிமுடித்தது கார்மேகம் வேலை பார்த்த பட்டறை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். தான் பூட்டிய வால்வில் வேறொருவன் கை வைக்காமலிருக்க, ஒவ்வொரு ஃபிட்டரும் தன் பாஷையில் பெயின்டால் குறி போடுவான். அனுப்புவதற்கு முன் அழித்துவிட வேண்டும். கார்மேகம் மறந்துவிட்டார். க, ங, ச, ஞ, ட என்ற ஐந்து எழுத்துகளோடு இயந்திரம் கப்பல் ஏறியது. அங்கே அதைப் பொருத்தக் கார்மேகமும் போனார். ஒப்படைக்கும்போது சோதிக்க வந்த பொறியாளர், இது என்ன என்று கேட்டார்.

“நம்பர் சார்.”

பொறியாளர் ‘தயாரிப்பாளர் குறி’ என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

திறப்பு விழாவில் இரண்டு நாட்டுக் கொடிகளும் பறந்தன. பத்திரிகைப் படத்தில் ஒன்பது பிரமுகர்கள் நின்றார்கள். ஓரத்தில், ஒழுகிய ஹோஸைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தப் படத்தைக் கார்மேகம் பர்ஸில் வைத்திருந்தார். “நம்ம ஆளு யாருன்னு தெரியுதா?” என்று கேம்பில் எல்லோரிடமும் கேட்பார்.

பதினொரு நாள் வேலைக்கென்று போனவர் இரண்டு மாதம் தங்கினார். காரணம் சாலிஹ், அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேட்டர். கையேடு இருநூற்றுப் பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். சாலிஹுக்கு ஆங்கிலம் வராது. அரபி மொழிபெயர்ப்பைக் குழு ஒன்று பரிசீலித்துக்கொண்டிருந்தது. ஆகவே சாலிஹ் தமிழில் ஐந்து எழுத்து கற்றான். ‘ங’வுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது.

அதன் பிறகு இயந்திரம் நின்றால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஆஸ்பத்திரி தன் அமைச்சகத்துக்கு எழுதும். அமைச்சகம் தூதரகத்துக்கு எழுதும். அங்கிருந்து நன்கொடைப் பிரிவுக்கு, பிறகு கம்பெனிக்கு. இன்னொன்று, சாலிஹ் கார்மேகத்துக்குப் போன் போடுவான்.

கடைசியாகப் போட்டது, கேஸ்கட் வெட்டிய வெள்ளிக்கு முந்தைய வாரம். “கார்மேகம், ச கர்பான்.” ச கெட்டுவிட்டது. அங்கே கிடைக்கும் ரப்பர் பத்து நாளில் ஊறிப்போகிறது, அழுத்தம் நிற்கவில்லை. டயாலிசிஸ் கட்டில் நான்கில் இரண்டுதான் ஓடுகிறது. கடிதமும் போயிருக்கிறது.

“சாமி வரம் குடுத்துருச்சு தாயி,” என்றார் கார்மேகம் மகளிடம். “பூசாரிதான் இன்னும் குடுக்கல.”

நாகஜோதி அப்பாவின் உடலோடு ஊருக்குப் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பினாள். கேம்பில் ஒரு டிரங்குப் பெட்டியும் அப்பாவின் போனும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அடித்தது.

“கார்மேகம்?”

அவளுக்குத் தெரிந்த அரபி, டாக்சிக்கும் கடைக்கும் போதுமான அளவுதான்.

“கார்மேகம் மாஃபி,” என்றாள். கார்மேகம் இல்லை.

“டூட்டி?”

“டூட்டி மாஃபி. கலாஸ்.” முடிந்துவிட்டது.

அந்தப் பக்கம் சாலிஹ் மெல்ல ஏதோ ஓதினான். முடித்துவிட்டும் போனை வைக்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டான் என்பது அவளுக்கு விளங்கியது.

“ச இருக்கு,” என்றாள் தமிழில்.

“ச,” என்றான் அவன். உச்சரிப்பு சரியாக இருந்தது.

ஃப்ரிட்ஜ் மேலிருந்து டப்பாவை இறக்கினாள். கேஸ்கட்டுக்கு அடியில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

ஓட்டை ரெண்டு.
சதக்கத்துல்லா பாய் கடை, கிரீக் படகுத்துறை. முகல்லா லாஞ்சு சனிக்கிழமை.
சாலிஹ்கிட்ட சொல்லணும்: எதிரெதிர் போல்ட்டா இறுக்கணும்.

அன்று வியாழன். டிரங்குப் பெட்டியில் ஓட்டை போடும் பன்ச்சும் சுத்தியலும் இருந்தன. இரண்டு ஓட்டையும் போட்டு, வெர்னியரில் சரிபார்த்தாள். பேனா எடுத்து, முதல் வரியை மட்டும் அடித்தாள்.