பெட்டி உசுரோட இருக்கா?

எங்கள் தொழிலில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது; நின்றுபோனால் நம் வீட்டு விலாசம் வரைக்கும் விசாரிப்பார்கள். காரைக்குடியில் இன்டர்நெட் இணைப்பு கொடுத்துப் பராமரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஓட்டல், பள்ளிக்கூடம், பட்டறை, வீடு என்று ஊரெல்லாம் மாட்டியிருக்கும் எங்கள் பெட்டிகளைப் பார்த்து என் மேசையிலிருக்கும் மென்பொருள் ஓயாமல் "இருக்கியா, இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்பு. எந்தப் பெட்டி எத்தனை சதவீத நேரம் உயிரோடு இருந்தது என்று மாதக் கடைசியில் வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சிவப்பைக் கண்டால் ஏணியோடு ஓடுகிறவன் பாண்டி. என்னை அக்கா என்பான். மென்பொருளை என்னென்னவோ சொல்வான். இதே மாதிரி ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து சிவப்புக்குப் பயந்து கிடக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லாமல் இதையெல்லாம் யாரிடம் சொல்வேன்?

பஸ்ஸில் ஒரு துக்கம்

எங்கள் ஆபீஸில் எல்லா இணைப்புக்கும் தலைமையான பழைய பெட்டி ஒன்று இருந்தது. வயதை முன்னிட்டு அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தோம். ஒருநாள் காலை மானகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். பாண்டி கூப்பிட்டான்.

"அக்கா, பெரியவர் போயிட்டாரு."

பஸ் இரைச்சலில் நான் சத்தமாகத்தான் பேசவேண்டியிருந்தது. "எப்ப போனாரு? நேத்தே இழுத்துக்கிட்டுத்தானே கிடந்தாரு." பக்கத்து சீட் அம்மாள் பூக்கூடையை மடியில் வைத்தபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முன் சீட்டுக்காரர் போனில் பாட்டை நிறுத்தினார். "தலையில ஒரு தட்டுத் தட்டிப் பாத்தியா? சரி விடு, கழட்டி வெளியில போடு. நான் வந்து புதுசா ஒண்ணு ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லி போனை வைத்தேன். நான் இறங்கும்போது பூக்கூடை அம்மாள் என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"ஏத்தா, புதுசு பாக்குறதுதான் பாக்குறீக, காரியம் முடியிற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா?"

நூற்றுக்கு நூறு

பெரிய அரண்மனை மாதிரி வீடு ஒன்றை ஓட்டலாக்கி நடத்துகிற ஆச்சி எங்கள் பழைய வாடிக்கையாளர். அவர் வளவில், முற்றத்தைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண் ஒன்றில், எங்கள் வைஃபை பெட்டி இருந்தது. திடீரென்று தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் நெட் வரவில்லை என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். பச்சை. முந்தின நாளும் பச்சை. அதற்கு முந்தின நாளும். "ஆச்சி, எங்க பெட்டி ஒரு நிமிஷம்கூட நிக்கலை, அவங்க போன்ல ஏதோ கோளாறு" என்று அடித்துச் சொன்னேன். ஆச்சி விடவில்லை, நானும் விடவில்லை. நூறு சதவீதம் என்று கொட்டை எழுத்தில் அறிக்கையும் அனுப்பினேன். அந்தக் கோபத்தில் ஆச்சி வேறு கம்பெனிக்குப் போகப் பார்க்கிறார் என்று சேதி வந்தது. முதலாளி என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது.

நடந்தது இதுதான். அந்த வீட்டை ஒரு சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ராஜா காலத்துக் கதையாம். தூணில் வெள்ளைப் பெட்டி மினுக்குவது ஆகாது என்று படப்பிடிப்பு ஆட்கள் அதைக் கழற்றி, என் மேசைக்குப் பதில் வரும் வயரைப் பிடுங்காமல் அப்படியே இழுத்துப் பக்கத்து அறையில் ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆச்சி ஏதோ எடுக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்குப் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ சொன்னது சரிதாம்மா, பெட்டி நிக்கவே இல்லை, நல்லாத்தான் ஓடுது. இரும்பு அலமாரிக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு ஓடுது."

தாய்மாமன்

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறை ஒன்று. கல் வாங்குகிறவர்களுக்கு வீடியோவில் டிசைன் காட்டுவார்கள். வயர் போகாத இடம் என்பதால் தூரத்துக் கோபுரத்திலிருந்து காற்று வழியாக சிக்னல். பட்டறைக் கூரையில் சின்னத் தட்டு ஒன்று அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அது சிவப்பானது. பாண்டி போய்ப் பார்த்தால், தட்டுக்கு நேர் எதிரில் தகரமும் இரும்புச் சட்டமுமாக ராட்சத போர்டு நிற்கிறது. காதணி விழா. நடுவில் குழந்தை, சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட சொந்தக்காரர்கள், எல்லோரையும்விடப் பெரிதாகத் தாய்மாமன்.

அந்தத் தாய்மாமனே போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாண்டி பணிவாக, போர்டைக் கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி வைக்க முடியுமா, பட்டறைக்கு சிக்னல் போகவில்லை என்று கேட்டிருக்கிறான். அவர் போர்டை அண்ணாந்து பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு பாண்டிக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் என் மருமக முகத்தை ஒருத்தனும் நகத்த முடியாது தம்பி, உங்க சிக்னலைக் கொஞ்சம் குனிஞ்சு போகச் சொல்லுங்க."

மதிப்பெண்

ஒரு தனியார் பள்ளிக்கு அந்த மாதம் தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்திருந்தது. எங்கள் தொழிலில் அது மோசமில்லை; உங்களுக்கே தெரியும். பாராட்டு கிடைக்கும் என்று நானே நேரில் கொண்டுபோனேன். தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "மீதி ஒண்ணு எங்க?" என்றார். மழை, மின்னல், கரண்ட் என்று விளக்கினேன். என்னை நிற்கவைத்தே முழுவதையும் கேட்டார். கடைசியில் அறிக்கையில் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கவனக்குறைவு. நாளைக்கு வரும்போது உங்க முதலாளியைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்."

கூப்பிடாமல் போனது

கல்லல் பக்கம் ஒரு செட்டியார் தனியாக இருந்தார். இந்தத் தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு. சிங்கப்பூரிலிருக்கும் மகன், அப்பச்சி என்று கூப்பிடும் தன் அப்பாவைக் கேமராவில் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தார். ஆனால் எங்கள் பட்டியலிலேயே மோசமான சதவீதம் அந்த வீட்டுக்குத்தான். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பு, காபி நேரத்தில் பச்சை. மகன் புகார்மேல் புகார். பாண்டி போய் விசாரித்ததில், பெட்டியின் பச்சை விளக்கு கண்ணுக்குள் நிற்கிறது, தூக்கம் வரவில்லை என்று செட்டியாரே அதை அணைத்துவிட்டுப் படுப்பது தெரிந்தது. சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. எங்கள் முதலாளி அந்தத் தூக்கத்தை அறிக்கையில் "திட்டமிட்ட பராமரிப்பு" என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

ஒருநாள் காபி நேரம் தாண்டியும் புள்ளி சிவப்பாகவே இருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பெட்டிகள் நிற்பது எனக்குப் பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு ஏனோ மூன்றாம் தடவையும் அடித்தேன். புகார் எதுவும் வராத இடத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அவரிடம் கேட்காமலே பாண்டியை அனுப்பினேன். முன்வாசல் பூட்டியிருந்ததால் சுற்றிப்போய்ப் பின்சுவரில் ஏணி போட்டு இறங்கியிருக்கிறான். சமையல்கட்டுப் படியில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், தொண்டை வறண்டு கிடந்திருக்கிறார் செட்டியார். செல்போன் முன்கட்டில் அடித்துக்கொண்டிருந்தது அவருக்கும் கேட்டிருக்கிறது. இடுப்பெலும்பில் விரிசல், பிற்பாடு நன்றாகத் தேறிவிட்டார். பாண்டி தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, எனக்கும் போன் போட்டான். அவன் விவரம் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து செட்டியார் குரல் தெளிவாகக் கேட்டது.

"பத்துத் தடவை கூப்பிட்டாலும் வராத ஆளுக, இன்னைக்கு நான் கம்ப்ளைண்டே கொடுக்கலை, எப்படித் தம்பி வந்தீக?"

இந்தப் பெட்டிகளைச் சுற்றி மனிதர்கள் என்று யாரும் இல்லாதிருந்தால், மாதாமாதம் எல்லாவற்றுக்கும் நூறு சதவீதம் காட்டிவிட்டு, இனி இதற்கு ஓர் ஆள் எதற்கு என்று நான் எப்போதோ நிம்மதியாக வேலையை இழந்திருப்பேன்.