சித்தேரியில் நான் கலைத்த மௌனம்

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அரூரிலிருந்து வந்த, கரிப்புகையில் ஓடும் பஸ் வாசலில் நின்றது. கண்டக்டர் இறங்காமலே சொன்னார்: "உங்க மாதையன் வாத்தியார் போயிட்டாருங்க. முந்தாநாளே எடுத்துட்டாங்க." பஸ் கிளம்பிவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கோடை விடுமுறை தொடங்கிவிட்டதால் சொல்ல ஆளில்லை.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் போர்டு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு கத்தியவர். பிள்ளைகளை அடிக்க மாட்டார். அதனால் எல்லாவற்றையும் தொண்டையாலேயே சமாளிக்க வேண்டியிருந்தது. பங்குனியில் குரல் கட்டும். சித்திரையில் வெறும் காற்றுதான் வரும்.

விடுமுறை விட்டால் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கிளம்புவோம். ஒருவர் மாமனார் வீட்டுக்கு, ஒருவர் கடலைக்காட்டுக்கு. தலைமையாசிரியர் ஒரு மாதம் தூங்கியே தீர்ப்பார். மாதையன் மட்டும் கடைசி மணி அடித்ததும், "இனி ஸ்கூல் தொறந்துதான் பேச்சு" என்று சொல்லிவிட்டுச் சித்தேரி மலைக்குப் போய்விடுவார். பள்ளி திறக்கும்வரை வாய் திறக்கமாட்டார். "எல்லாரும் கை காலுக்கு ஓய்வு குடுக்கறீங்க. நாம வேலை செய்யறது வாயாலதானுங்களே?" என்பார். சாமியாராகப் போகிறார் என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு. ஆனால் ஆனியில் அவர் கணீரென்ற குரலோடு வந்து நிற்பார். நாங்கள்தான் போனபடியே களைத்துப்போய்த் திரும்பியிருப்போம்.

ஒரு வருஷம் தை மாதத்தில் என் மனைவி இறந்துபோனாள். பள்ளிக்கூடம் நடந்தவரை பகலைத் தள்ளிவிட்டேன். விடுமுறை வந்ததும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. சோற்றை வடித்துவிட்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பத்து நாளுக்கு மேல் தாங்கவில்லை. அவளைப் பற்றி யாரிடமாவது பேசினால் போதும் என்று அரூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து மலை ஏறினேன்.

மேலே யாருக்கும் மாதையன் வாத்தியாரைத் தெரியவில்லை. அடையாளம் சொன்னதும் ஒரு விவசாயி, "அட, நம்ம ஊமையண்ணனா!" என்று தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அப்போதுதான் விளங்கியது. அவரை நிஜமாகவே ஊமை என்று நம்பியிருந்தார்கள். முதல் வருஷம் அவர்களாக அப்படி நினைத்துக்கொண்டார்கள்; இவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் வாய் திறக்க வேண்டுமே. விறகு பிளந்து கொடுத்து, அவர்களோடு சாமைச் சோறு தின்று, ஆறு கோடையாக அந்த வீட்டில் தங்கியிருக்கிறார்.

என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை. இரண்டு நாள் நான் பேசினேன், அவர் கேட்டார். எனக்கு அது போதவில்லை. அவர் வாயிலிருந்து ஆறுதலாக ஒரு வார்த்தை வந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை, விவசாயியும் அவர் மனைவியும் பார்த்திருக்கக் கத்திவிட்டேன். "இவரு ஊமையில்லீங்க! எங்க ஸ்கூல் வாத்தியாரு. கூடம் அதிரப் பேசுவாரு. எங்கிட்டப் பேசத்தான் வாய் வரல!"

அந்தப் பெண் கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "வாய் பேசாதவருன்னுதானே அண்ணா, மனசுல இருந்ததெல்லாம் உங்ககிட்டச் சொன்னேன்" என்றாள். கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

மாதையன் வாய் திறந்தார். இத்தனை நாள் மூடியிருந்த குரல் கரகரத்தது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன், தங்கச்சி." அவள் முறத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றே இருவரும் மலை இறங்கினோம். பாதி வழியில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார். வூட்ல தனியா கெடந்தா யாருக்கும் இப்படித்தான் வரும். இப்பப் பேசுங்க, நானும் பேசறேன்" என்றார். எனக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

அதன்பிறகு அவர் மலைக்குப் போகவேயில்லை. கோடையில் ஊரிலேயே இருந்தார். ஊரில் இருக்கும் வாத்தியாரைச் சும்மா விடுவார்களா? மனு எழுத ஒருவர், கடுதாசி படிக்க ஒருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருப்பார். நான் பிழைத்தது அந்தப் பேச்சால்தான். ஆனால் ஒவ்வோர் ஆனியிலும் அவர் குரல் கொஞ்சம் குறைந்தே திரும்பியது. அரூருக்கு மாற்றலாகிப் போனபின், கடைசி இரண்டு வருஷம் மேசையைத் தட்டித் தட்டித்தான் வகுப்பை நடத்தினாராம். காய்ச்சலில் போனார் என்கிறார்கள், இருக்கலாம். அவருடைய ஓய்வைப் பறித்தவன் நான் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

செய்தி கேட்ட மறுவாரம் சித்தேரிக்குப் போனேன். வீட்டில் அந்த விவசாயியின் மனைவி மட்டும் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நான் சொன்னதை உங்ககிட்டச் சொன்னாருங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லலீங்க."

அது உண்மை. எத்தனையோ சாயங்காலம் பேசியிருக்கிறோம். நானும் இரண்டொரு தரம் துருவிக் கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றிவிடுவார்.

அவள் எழுந்துபோய் மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை எடுத்துவந்தாள். "அண்ணனோட பாய்ங்க. கோவம் ரெண்டு நாள்தான் இருந்துச்சு. அடுத்த வருசம் பேசிக்கிட்டே வந்தாலும் வரட்டும்னு எடுத்து வெச்சிருந்தேன். வரவேயில்லீங்களே" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள்.

அவர் போயிருக்கலாம். போகச் சொல்லி ஒரு கோடையிலாவது நான் அவரை அனுப்பியிருக்கலாம். சாயங்காலம் என்னோடு பேச ஆள் வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பாய் ஒன்றுதான். பள்ளி திறக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதை விரித்துப் படுத்து, அவரைப் போல நானும் பேசாமல் இருந்து பார்க்கிறேன். ஆனால் அவர் தானாகப் பேச்சை அடக்கிக்கொண்டு இருந்தார். நான், சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் பேசாமல் இருக்கிறேன்.